வருக, போய் வருக

கிளைபேடாவில் பிப்ரவரி.
ஜன்னலின் உட்புறமே பனி பூத்திருக்கிறது.
பொத்தானை அழுத்துகிறேன்.
விசிறி இரைகிறது. நீலத்திரை. என் பெயர்,
பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்து.
தட்டினால் 'வருக' என்கிறது.
சொன்ன வாய் மூடுமுன்
'உங்கள் அமைப்புகள் சேமிக்கப்படுகின்றன.'
மறுபடி வாசலில் நிற்கிறேன், வாத்தோடு.

எதைச் சேமித்தாய்?
நான் உள்ளே வரவே இல்லையே.

பதினேழு முறை.
கடவுச்சொல் தப்பென்றால் சண்டையாவது போடலாம்.
இது சரிதான் என்று ஒப்புக்கொண்டு
வெளியே அனுப்புகிறது.

எஃப் எட்டை அழுத்திப் பாதுகாப்பு முறையில் போனேன்.
கறுப்புத்திரை, நாலு மூலையிலும் காவலுக்கு எழுத்து,
அங்கேயும் அதே உபசாரம்.
மகள் உக்னேயின் கணக்கில் போனேன்.
அவளுக்கும் போய் வருக.
வயர்களைப் பிடுங்கித் தூசி தட்டினேன்.
சூரியகாந்தி விதைத் தோல் கொஞ்சம், தொலைந்த கம்மல் ஒன்று.
இன்றைய லாபம்.

உள்ளே நாற்பது பக்கம் கிடக்கிறது:
உறைந்த மீனின் சரக்குப் பட்டியல்,
நாளைக் காலைக்குள் ஜெர்மனில் வேண்டுமாம்.
இன்னொரு கோப்பும் இருக்கிறது. அது பிறகு.

ரிம்விதாஸைக் கூப்பிட்டேன். வேறு யார்?
போன வாரம் இதைக் கடைசியாகத் தொட்டவன் அவன்தான்.
உக்னே இறக்கிய இலவச மீன்தொட்டியோடு
ஏதோ திருட்டு நிரல் புகுந்துவிட்டதென்று வந்து,
"பிடித்து வெளியே போட்டாச்சு" என
வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனவன்.

வந்தான்.
பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று
கால்மிதியிலேயே நின்றான்.
எட்டு வருஷம் கழற்றிய இடம்.
கழற்று, தரை ஈரமாகும் என்றேன்.

குறுவட்டைப் போட்டான்.
கறுப்பில் வெள்ளை எழுத்து ஒவ்வொன்றாக.
என்னிடம் ஒருநாளும் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.
அரைமணி கழித்துச் சிரித்தான், தனக்குத்தானே.

"உள்ளே வருகிறவரைக் கைபிடித்துக் கூட்டிப்போக
ஒரு குட்டி நிரல் உண்டு.
திருடன் பதிவேட்டில் அதன் பெயரை அடித்து
தன் பெயரை எழுதியிருக்கிறான்.
நான் திருடனை அழித்தேன், பதிவேட்டை மறந்தேன்.
இப்போது நீ வந்ததும் இயந்திரம்
அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.
ஆளில்லை.
கூட்டிப்போக ஆளில்லாத விருந்தாளியை
வழியனுப்பித்தானே வைக்கும்?"

பதிவேட்டைத் திருத்தேன்.
"அதற்கு உள்ளே போகணும், டய்வா."

குட்டி நிரல் அதன் இடத்திலேயே இருந்தது,
கூப்பிட ஆளில்லாமல், சும்மா.
அதற்கு ஒரு நகல் எடுத்தான்.
நகலுக்குத் திருடனின் பெயரை வைத்தான்.
ஒரே ஒரு வரி.

வருக.
வாத்து போய்விட்டது. திரை முழுக்க
ஸ்மில்தினே மணலில் உக்னே, முன்பல் இல்லாமல்.

பிறகு பதிவேட்டைத் திறந்து பெயரைத் திருத்தினான்.
இனி இந்தப் பொய்ப்பெயர் எதற்கு என்று
நகலை அழிக்கப் போனவனிடம்
ரெண்டு நாள் இருக்கட்டும் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை. தேநீரும் வேண்டாமாம்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஐந்து மாடியும்
அவன் பூட்ஸ் இறங்குவது கேட்டது.

அந்த இன்னொரு கோப்பு:
பெயர் மாற்ற விண்ணப்பம். பாதி நிரப்பியது.
கெத்விலியெனே.
அவன் குடும்பப்பெயரில் எனக்கு முளைத்த வால்.
வங்கியில், உக்னேயின் பள்ளியில்,
கீழே தபால்பெட்டித் தகட்டில்
அதைச் சொன்னால்தான் கதவு திறக்கிறது.
திறந்ததும் உள்ளே போகிறவள் என்னவோ நான்தான்.
ஐந்தாம் கேள்வி: மாற்றத்துக்கான காரணம்.
கட்டத்தில் குறுக்குக்கோடு துடிக்கிறது.

மணி பதினொன்று.
முதலில் மீன்.
காட், தலை நீக்கியது, குடல் நீக்கியது,
இருபத்தைந்து கிலோப் பெட்டி,
எண்ணிக்கை அறுநூற்று நாற்பது.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
சேமிக்கிறேன், நானே.